2,000 ரூபாய் ஹெட்ஃபோன், 30,000 ரூபாய் ஹெட்ஃபோன்: காதுக்குத் தெரிகிற வித்தியாசம் எவ்வளவு?

(ஒலி வடிவில் வந்த எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம் இது. பேச்சு நடையை இயன்றவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

பழைய கேசட்டுகளைப் பத்திப் பேசின எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் எழுதியிருந்தீங்க. அதுல திரும்பத் திரும்ப வந்த கேள்வி இதுதான்: "அண்ணா, 2,000 ரூபாய் ஹெட்ஃபோனுக்கும் 30,000 ரூபாய் ஹெட்ஃபோனுக்கும் நிஜமாவே வித்தியாசம் இருக்கா, இல்ல பேருக்குத்தான் காசு வாங்கறாங்களா?" கோயம்புத்தூர்ல இருந்து ஒரு தம்பி இன்னும் ஒரு படி மேல போய்க் கேட்டிருந்தார். முதல் சம்பளம் வந்திருக்காம். 30,000 ரூபாய் ஹெட்ஃபோனை ஆறு மாச இஎம்ஐல எடுக்கலாமான்னு கேக்கறார். ஒருத்தரோட முதல் சம்பளம் சம்பந்தப்பட்ட கேள்விக்கு "அவரவர் விருப்பம்"னு சொல்லி நழுவ முடியாது.

அதனால பதிலை முதல்லயே சொல்லிடறேன். வித்தியாசம் இருக்கு. ஆனா 100 ரூபாய் ரோட்டோர இயர்ஃபோன்ல இருந்து 2,000 ரூபாய் நல்ல இயர்ஃபோனுக்கு வரும்போது கிடைக்கிற முன்னேற்றம்தான் பெருசு. 2,000ல இருந்து 30,000க்குப் போகும்போது நீங்க கொடுக்கிற காசுல பெரும்பங்கு சத்தத்தோட தரத்துக்குப் போறதே இல்ல. வேற சில விஷயங்களுக்குப் போகுது. அந்த வேற விஷயங்கள் உங்களுக்குத் தேவையா இல்லையாங்கிறதுதான் முடிவு பண்ண வேண்டியது.

எப்படி இவ்வளவு தைரியமா சொல்றேன்னு கேப்பீங்க. 2017ல யெரூன் ப்ரேபார்ட்னு ஒரு ஒலியியல் ஆய்வாளர், அமெரிக்க ஒலியியல் கழகத்தின் ஆய்விதழில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். 283 ஹெட்ஃபோன்களோட ஃப்ரீக்வென்சி ரெஸ்பான்ஸை, அதாவது தாழ்ந்த ஒலியிலிருந்து உச்ச ஒலி வரைக்கும் ஒவ்வொன்றையும் அது எவ்வளவு தூக்கியோ தாழ்த்தியோ கொடுக்கிறது என்கிற அளவை, விலையோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். விலைக்கும் அந்த அளவுக்கும் தெளிவான தொடர்பு எதுவும் இல்லை என்பதுதான் அவர் கண்டது. ஹெட்ஃபோனுக்கு ஹெட்ஃபோன் ஒலி நிறைய மாறுது. ஆனா விலையைப் பார்த்து அது எப்படி மாறும்னு கணிக்க முடியல.

இங்க ஒரு எச்சரிக்கை. அவர் பார்த்தது ஃப்ரீக்வென்சி ரெஸ்பான்ஸ் மட்டும்தான். ஒலி சிதைவு, தலையில உக்கார்ற சௌகரியம், உழைக்கிற காலம், இதெல்லாம் அந்தக் கணக்குல வராது. ஆனாலும் ஒரு ஹெட்ஃபோன் "நல்லா கேக்குது"ன்னு நாம சொல்றதுல பெரும்பகுதி இந்த ரெஸ்பான்ஸ்தான். அது ஏன்னு கொஞ்சம் நிதானமா பார்ப்போம். இது புரிஞ்சா கடைக்காரர் சொல்ற பாதி விஷயத்தை நீங்களே எடை போட்டுடலாம்.

சின்ன வயசுல பேனா மூடியை உதட்டுல வச்சு ஊதி விசில் அடிச்சிருப்பீங்க இல்லையா? ஒரு பக்கம் மூடின குழாய்க்குன்னு சொந்தமா ஒரு சுருதி உண்டு. நம்ம காதுக்குழாயும் அதே மாதிரிதான். ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளம், உள்பக்கம் செவிப்பறை மூடியிருக்கு. அதனால சுமார் 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்துல வர்ற ஒலியைக் காதே தானா தூக்கிக் கொடுக்கும். பொறந்ததுல இருந்து நாம உலகத்தை இந்தத் தூக்கலோடதான் கேட்டுட்டு இருக்கோம். மூளைக்கு அதுதான் இயல்பு.

இப்ப இயர்ஃபோனை எடுத்துக் காதுல அடைச்சா என்ன ஆகும்? குழாயோட வாய் மூடிடுது, மீதி நீளமும் குறைஞ்சுடுது. அந்த இயற்கையான தூக்கல் போயிடும். அப்ப இயர்ஃபோன் செய்றவங்க அந்தத் தூக்கலைத் தாங்களே உள்ள வச்சுக் கொடுக்கணும். குறைவா கொடுத்தா பாடகர் கம்பளிக்குள்ள இருந்து பாடற மாதிரி இருக்கும். அதிகமா கொடுத்தா வயலின் கத்தும், "ஸ", "ஷ" வர்ற இடமெல்லாம் காதைக் கீறும். சரியா எவ்வளவு கொடுக்கணும்? ரொம்ப காலம் இதுக்குப் பொதுவான ஒரு பதில் கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தங்களோட பொறியாளர் காதை நம்பிச் செஞ்சுட்டு இருந்தாங்க.

ஹார்மன் கம்பெனியில ஷான் ஆலிவ், டாட் வெல்டினு ரெண்டு பேர் இதை ஆய்வா எடுத்துக்கிட்டாங்க. (ஜேபிஎல், ஏகேஜி எல்லாம் அந்தக் குழுமத்தோட பிராண்டுகள்தான். அவங்களும் ஹெட்ஃபோன் விக்கறவங்கதான்ங்கிறதை மனசுல வச்சுக்கங்க.) நல்ல அறையில வச்ச நல்ல ஸ்பீக்கர் எப்படிக் கேக்குமோ, அதுக்குக் கிட்டத்தட்ட அப்படியே ஹெட்ஃபோன்ல கேட்டா பெரும்பாலானவங்களுக்குப் பிடிக்குதுன்னு கண்டுபிடிச்சு, 2013 வாக்குல அதை ஒரு கோடா வரைஞ்சு வெளியிட்டாங்க. இதைத்தான் ஹார்மன் டார்கெட்னு சொல்றாங்க. பின்னாடி செஞ்ச சோதனைகள்ல ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு பேருக்கு இந்தக் கோடு பிடிச்சிருந்தது. மீதிப் பேர்ல சிலருக்கு பேஸ் இன்னும் கூட வேணும், சிலருக்குக் குறைச்சலா வேணும்.

அவங்க சோதனை செஞ்ச விதம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. அதுக்கு முன்னாடி எங்க வீட்டுல நடந்ததைச் சொல்லிடறேன். நண்பர்கிட்ட கடன் வாங்கின விலை உயர்ந்த ஹெட்ஃபோன் ஒண்ணு, என்கிட்ட இருக்கிற 3,000 ரூபாய் ஹெட்ஃபோன் ஒண்ணு. ரெண்டும் காதை முழுசா மூடற வகை. தம்பியோட கண்ணைத் துண்டால கட்டிட்டு, மாத்தி மாத்தி வச்சு எது நல்லா இருக்குன்னு கேக்கலாம்னு திட்டம். முதல்ல விலை அதிகமானதைத் தலையில வச்சேன். வச்ச உடனே, "அண்ணே, இதான் காஸ்ட்லி"ன்னான். பாட்டு இன்னும் ஆரம்பிக்கவே இல்ல! அந்த எடை, காதுல பட்ட தோலோட மென்மை, அதுலயே கண்டுபிடிச்சுட்டான். அதுக்கப்புறம் அவன் சொல்ற எந்தத் தீர்ப்பையும் எப்படி நம்பறது?

ஹார்மன்காரங்க இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. எல்லாருக்கும் ஒரே ஒரு ஹெட்ஃபோனைத்தான் மாட்டிவிட்டாங்க. மத்த ஹெட்ஃபோன்களோட ரெஸ்பான்ஸை அளந்து, ஈக்வலைசர் மூலமா இந்த ஒரே ஹெட்ஃபோன்ல அதே மாதிரி கேக்க வச்சாங்க. எடை ஒண்ணு, மெத்தை ஒண்ணு, பிராண்ட் பேரும் தெரியாது. மாறுறது ஒலி மட்டும்தான். அப்படிக் கேக்கும்போது விலையோட பந்தா எல்லாம் கழண்டுடுது.

இதோட விளைவு நம்ம பர்ஸ் வரைக்கும் வந்திருக்கு. எந்தக் கோட்டை நோக்கிப் போகணும்னு தெரிஞ்சுடுச்சு. அளந்து பார்க்கிற செயற்கைக் காதும், 711னு சொல்ற வகை, சீனாவில மலிவான நகல்களா கிடைக்க ஆரம்பிச்சது. அதுக்கப்புறம் சின்னச் சின்ன சீனக் கம்பெனிகள் 20 டாலருக்கே நல்லா ட்யூன் பண்ணின வயர் இயர்ஃபோன்களைக் கொண்டு வந்துட்டாங்க. 2022ல வந்த மூன்டிராப் சூ, செவன் ஹெர்ட்ஸ் சல்நோட்ஸ் ஜீரோ ரெண்டும் அந்த ரகம். பத்து வருஷத்துக்கு முன்னாடி இப்படிப்பட்ட சமநிலையான ஒலிக்குப் பல மடங்கு காசு கொடுக்கணும்.

மலிவான நல்ல பொருள்ங்கிறது புதுசும் இல்ல. காஸ் கம்பெனியோட போர்ட்டா ப்ரோ 1984ல வந்தது, இன்னிக்கும் கிட்டத்தட்ட அதே உருவத்துல விக்கறாங்க. சோனியோட எம்டிஆர்-7506, 1991ல வந்தது. அமெரிக்காவில சுமார் 100 டாலர். உலகம் முழுக்க ரெக்கார்டிங் ஸ்டுடியோக்கள்லயும் ரேடியோ நிலையங்கள்லயும் அதை மாட்டிக்கிட்டுத்தான் வேலை பாக்கறாங்க. நீங்க ரசிச்சுக் கேக்கிற ஒலியைச் செதுக்கினவங்களே பல சமயம் இதைத்தான் மாட்டியிருக்காங்க.

சரி, அப்ப 30,000 எங்க போகுது?

ப்ளூடூத் ஹெட்ஃபோன்னா முதல்ல பேட்டரி, சிப், மைக், சார்ஜிங், செயலி எல்லாத்துக்கும் பங்கு போகணும். அதனாலதான் 1,500 ரூபாய்க்கு வாங்கற வயர்லெஸ் இயர்பட்ஸைவிட, அதே 1,500 ரூபாய்க்கு வாங்கற வயர் இயர்ஃபோன் பெரும்பாலும் நல்லா கேக்குது. வயர் இயர்ஃபோன்ல காசு முழுக்க டிரைவருக்கும் உடம்புக்கும்தான். போன்ல ஓட்டை இல்லைன்னா ஒரு டைப்-சி டாங்கிள் வாங்கிக்கலாம், சில நூறு ரூபாய். 32 ஓம் பக்கத்துல இருக்கிற சாதாரண இயர்ஃபோனுக்கு அதுவே போதும். சென்ஹைசர் எச்டி 600 மாதிரி 300 ஓம் ஹெட்ஃபோன் வாங்கினா மட்டும் தனி ஆம்ப்ளிஃபையர் தேவைப்படலாம்.

அடுத்தது நாய்ஸ் கேன்சலேஷன். இதுக்குக் கொடுக்கிற காசை நான் வீண்னு சொல்ல மாட்டேன். டவுன் பஸ்ல இன்ஜினுக்குப் பக்கத்து சீட்ல உக்காந்து பாட்டு கேட்டுப் பாருங்க. இன்ஜினோட அந்த உறுமல் பாட்டோட பேஸை முழுங்கிடும். நாம என்ன பண்ணுவோம்? வால்யூமைக் கூட்டுவோம். ஒரு மணி நேரப் பயணம் முழுக்க அப்படியே கேப்போம். உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்குச் சொல்ற பாதுகாப்பு அளவு 80 டெசிபல்ல வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகுது. 83ல 20 மணி நேரம், 86ல 10 மணி நேரம். 90 டெசிபல்னா வாரத்துக்கு 4 மணி நேரம்தான். தினமும் போக வர ரெண்டு மணி நேரம் பஸ்ல இருக்கிறவருக்கு இந்தக் கோட்டா புதன்கிழமைக்கு முன்னாடியே தீந்துடும். காதுக்குள்ள இருக்கிற அந்த மெல்லிய மயிர்ச்செல்கள் செத்தா திரும்ப முளைக்காது. அப்புறம் எவ்வளவு விலைக்கு ஹெட்ஃபோன் வாங்கினாலும் ஒண்ணுதான்.

நாய்ஸ் கேன்சலேஷன் நல்லா வேலை செய்றது இன்ஜின், ஃபேன், ரயில் உருள்ற மாதிரி தொடர்ச்சியா வர்ற தாழ்ந்த சத்தத்துக்கு. கண்டக்டர் விசில், ஹாரன் எல்லாம் உள்ள வரத்தான் செய்யும். விலை கூடின மாடல்கள் இந்த வேலையைத் தெளிவா நல்லா செய்யுது. இங்கே விலைக்கும் தரத்துக்கும் உண்மையான தொடர்பு இருக்கு. ஆனா காதுக்குள்ள சரியா அடைச்சு உக்கார்ற சிலிகான் ரப்பர் வச்ச சாதாரண வயர் இயர்ஃபோனும் வெளிச் சத்தத்தைக் கணிசமா குறைக்கும்ங்கிறதையும் மறந்துடாதீங்க. இன்ஜின் உறுமல்ல மட்டும் அதுக்குக் கொஞ்சம் திணறல்.

அப்புறம் சௌகரியம். ரெண்டு மணி நேரம் மாட்டியிருந்தாலும் தலை வலிக்காத வளையம், வேர்வையில உரிஞ்சு வராத மெத்தை, கழட்டி மாத்தக்கூடிய வயர். எச்டி 600, 1997ல வந்தது. அதுக்கு இன்னிக்கும் மெத்தையும் வயரும் தனியா வாங்கி மாத்தலாம். இருபது வருஷம் உழைக்கிற பொருளோட விலையை இருபதால வகுத்துப் பாக்கணும். பேட்டரி உள்ள ஒட்டி வச்ச ப்ளூடூத் ஹெட்ஃபோனுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 59,900 ரூபாய்க்கு இந்தியாவுக்கு வந்த ஏர்பாட்ஸ் மேக்ஸா இருந்தாலும் பேட்டரிக்கு ஆயுசு ஆயுசுதான்.

அதுக்கும் மேல போனா அது வேற உலகம். சென்ஹைசர் எச்ஈ 1னு ஒண்ணு, வந்தப்ப சுமார் 50,000 யூரோ. ஆம்ப்ளிஃபையர் உக்கார்றதே இத்தாலியக் கராரா பளிங்குல. ஸ்விட்சைப் போட்டா வால்வுகள் மெதுவா மேல எழும்பி வரும். கோயில் நடை திறக்கிற மாதிரி இருக்கும்னு வச்சுக்கங்க. அதைக் கேட்டவங்க சொக்கிப் போறாங்க, சரி. ஆனா அந்தப் பளிங்கு பாடறதில்ல.

இதுவரைக்கும் சொன்னதை வச்சு விலை உயர்ந்த ஹெட்ஃபோன்ல ஒலியே மேம்படலைன்னு முடிவு பண்ணிடாதீங்க. எச்டி 600 மாதிரி, பின்பக்கம் வலை வச்சுத் திறந்து விட்ட ஹெட்ஃபோனை அமைதியான அறையில கேட்டா, பாட்டு தலைக்குள்ள இல்லாம கொஞ்சம் வெளிய தள்ளி நிக்கும். மூடின மலிவு ஹெட்ஃபோன்ல அது கிடைக்கிறது கஷ்டம். அதே ஹெட்ஃபோனை பஸ்ஸுக்குக் கொண்டு போனா ஹாரன் அப்படியே உள்ள வரும், உங்க பாட்டு பக்கத்து சீட்டுக்கும் கேக்கும். அதாவது கூடுதல் காசு கூடுதலா ஒலிக்கணும்னா இடமும் ஒத்துழைக்கணும்.

எதைப் போட்டுச் சோதிக்கிறது? நம்ம ஊர்ல இதுக்கு வேற யாருக்கும் இல்லாத வசதி இருக்கு. நல்லா ரெக்கார்ட் பண்ணின ஒரு கர்நாடகக் கச்சேரி எடுத்துக்கங்க. மிருதங்கத்துல தொப்பிப் பக்கம் "தொம்"னு விழும்போது அது ஒரு வட்டமான அடியா, அடங்கி நிக்கணும். எல்லா அடியும் ஒரே "புஸ்"ஸுன்னு வீங்கிக் கேட்டா பேஸைத் தேவைக்கு மேல ஊதி வச்சிருக்காங்க. வலந்தலையில விழற "நம்" மணி மாதிரி கணீர்னு இருக்கணும், ஊசி மாதிரி குத்தக்கூடாது. தம்புரா பின்னாடி ஓயாம ஓடணும். மிருதங்கம் வேகமெடுக்கும்போது தம்புரா காணாமப் போனா, நடுப்பகுதியைப் பள்ளமாக்கி வச்சிருக்காங்கன்னு அர்த்தம். "எக்ஸ்ட்ரா பேஸ்"னு பெட்டியில எழுதி விக்கிற பல மலிவு ஹெட்ஃபோன்கள்ல நடக்கிறது இதுதான். கடையில முப்பது செகண்ட் கேக்கும்போது அசத்தலா இருக்கும். வீட்டுல மூணாவது பாட்டுக்கே காது களைச்சுடும்.

சினிமாப் பக்கம் போகாம இன்னொண்ணு வேணும்னா, இளையராஜாவோட 'ஹவ் டு நேம் இட்', 1986. வி.எஸ்.நரசிம்மனோட வயலின், பின்னாடி அடுக்கடுக்கா தந்திவாத்தியங்கள். ஒவ்வொரு அடுக்கையும் விரலை நீட்டிக் காட்ட முடியுதா, இல்ல எல்லாம் ஒரு குழம்பா கேக்குதான்னு பாருங்க. 1960கள்ல வந்த பாட்டை வச்சுச் சோதிக்காதீங்க. மோனோ ரெக்கார்டிங், அதுலயும் இணையத்துல கிடைக்கிறது பல முறை நகலெடுத்தது. விலை கூடின ஹெட்ஃபோன் அதுல இல்லாததைக் கொண்டு வராது. இருக்கிற இரைச்சலை இன்னும் தெளிவா காட்டும்.

ரெண்டையும் ஒப்பிடும்போது சத்த அளவை சமமா வைக்கிறது ரொம்ப முக்கியம். ஒரு டெசிபல் கூட இருந்தாக்கூட நம்ம காது அதை "சத்தமா இருக்கு"ன்னு உணராது, "நல்லா இருக்கு"ன்னுதான் உணரும். பாடகர் குரல் ரெண்டுலயும் ஒரே அளவுக்குக் கேக்கிற மாதிரி வால்யூமை மாத்தி வச்சுட்டு அப்புறம் ஒப்பிடுங்க. கூடுதல் விலை ஹெட்ஃபோன் மேல இருந்த பிரமிப்பு பாதி அங்கேயே இறங்கிடும்.

பெட்டி மேல போட்டிருக்கிற எண்களைப் பத்தியும் ஒரு வார்த்தை. 40 மில்லிமீட்டர், 50 மில்லிமீட்டர்னு டிரைவர் அளவு போட்டிருப்பாங்க. அதுல தரம் பத்தி ஒண்ணும் தெரியாது. "ஹை-ரெஸ்" முத்திரை 40,000 ஹெர்ட்ஸ் வரைக்கும்னு சொல்லும். நல்லா கேக்கிற இளம் காதுக்கே எல்லை 20,000 ஹெர்ட்ஸ். நாப்பதைத் தாண்டின என் காதுக்கு அதுவும் இல்ல. அது வௌவாலுக்கு வேணும்னா உதவும்.

கோயம்புத்தூர் தம்பிக்கு என் பதில் இதுதான். இஎம்ஐ வேண்டாம்ப்பா. 2,000 ரூபாய்க்கு ஒரு நல்ல வயர் இயர்ஃபோன் வாங்கு. கூட வர்ற மூணு சைஸ் ரப்பரையும் போட்டுப் பாரு. வலது காதுக்கு ஒரு சைஸ், இடது காதுக்கு வேற சைஸ்னு வந்தாலும் ஆச்சரியமில்ல. சரியா அடைக்கலைன்னா பேஸ் முழுக்க ஓட்டை வழியா ஓடிடும், எவ்வளவு விலைன்னாலும் அப்படித்தான். "இதுல பேஸே இல்ல"ன்னு திருப்பி அனுப்பற இயர்ஃபோன்கள்ல பலதுக்கு நோய் ரப்பர் சைஸ்தான்.

ஏற்கனவே இருக்கிற ஹெட்ஃபோன் சரியில்லைன்னு தோணினா வாங்கறதுக்கு முன்னாடி ஈக்வலைசரைத் தொட்டுப் பாருங்க. ஆட்டோஈக்யூன்னு ஒரு இலவசத் திட்டம் இருக்கு. ஆயிரக்கணக்கான ஹெட்ஃபோன் மாடல்களுக்கு எந்த இடத்துல எவ்வளவு ஏத்தி இறக்கணும்னு பட்டியல் போட்டு வச்சிருக்காங்க. ஆண்ட்ராய்டுல வேவ்லெட்னு ஒரு செயலி அந்தப் பட்டியலை நேரா எடுத்துக்கும். உங்க மாடல் பேரைத் தேடிப் போட்டா போதும். இதால எல்லாத்தையும் சரி பண்ண முடியாது. சின்ன டிரைவரை ஓவரா பேஸ் கொடுக்கச் சொன்னா கரகரன்னு உதறும், காதுல சரியா உக்காராததையும் ஈக்வலைசர் சரி செய்யாது. ஆனா கம்பளிக்குள்ள பாடின பாடகர் பல சமயம் வெளிய வந்து நிப்பார்.

தினமும் பஸ், ரயில்னு அலையறவங்க, ஆபீஸ் கால்ல மணிக்கணக்கா பேசறவங்க, அவங்களுக்கு நாய்ஸ் கேன்சலேஷனுக்குக் காசு கொடுக்கிறது நியாயம். அதுவும் புது மாடல் வந்ததும் போன வருஷ மாடல் விலை இறங்கும், அப்ப எடுங்க. ஆன்லைன்ல வாங்கினா திருப்பிக் கொடுக்கிற விதியை முதல்லயே படிச்சுடுங்க. காதுக்குள்ள போற பொருளைச் சுகாதாரக் காரணம் சொல்லித் திருப்பி எடுத்துக்காத விற்பனையாளர்கள் உண்டு. பெட்டியைக் கிழிச்ச அப்புறம் தெரிஞ்சு பிரயோஜனம் இல்ல.

அடுத்த எபிசோட்ல ப்ளூடூத் கோடெக் சண்டையைப் பார்ப்போம். எஸ்பிசி, ஏஏசி, எல்டிஏசின்னு நீங்க அனுப்பின கேள்விகளையெல்லாம் அதுக்குன்னு எடுத்து வச்சிருக்கேன். வணக்கம்.